மந்தைவெளி ஸ்டூடியோவின் பவுடர் பஞ்சு

பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் முகத்தில் ஒற்றிய ரோஸ் பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும், மந்தைவெளியில் இப்போது செல்போன் கடை இருக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் இருந்த பாழாய்ப்போன போட்டோ ஸ்டூடியோ ஞாபகம் வந்துவிட்டது. இருட்டு அறை, கொதிக்கும் விளக்கு, ஊரார் வேர்வையெல்லாம் துடைத்துப் பழுப்பேறிய ஒரே ஒரு பவுடர் பஞ்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க அக்காவை அங்கேதான் கூட்டிப் போனோம். அவளுக்கு எண்ணெய் வழியும் முகம்; பருவெல்லாம் அழுக்கு என்று நினைத்த அம்மா, பயத்தமாவைப் போட்டு முரட்டுத் துண்டால் தேய்த்துத் தேய்த்ததில் கன்னம் இன்னும் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னாம்மா, மூஞ்சில வடை சுட்டுக்கினு வந்தியா?" என்று இளித்தபடி ஸ்டூடியோக்காரனான அந்த மகா கலைஞன், அதே பஞ்சால் பருக்களின் மேல் பவுடரை அப்பினான். அப்புறம் நெகடிவில் பென்சிலால் ஒரு பரு விடாமல் மறைத்து, அக்காவை உரித்த முட்டையாக்கிக் கொடுத்தான்.

படத்தைப் பார்த்து மயங்கி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோல கீற பொண்ணு எங்கே?" என்று கேட்டாள்.

"அது ஸ்டூடியோல கீது, அங்கேயே போய்க் கேட்டுக் கட்டிக்கினு போங்க" என்ற அக்கா, காபித் தட்டோடு உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.