ஓட்டில்லாதவர்களின் மெம்பர்

பர்மாவில், பசுந்தாங் அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்த குழந்தைவேலு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருஷம் முனிசிபல் தேர்தலில் நின்றார். ஆலைக் கூலிகள் குடியிருந்த கூலி லைனில் ஒரு தண்ணீர்க் குழாய்கூடக் கிடையாது. காலராவில் ஆள்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். குழாய் கொண்டுவருவேன் என்பதுதான் அவர் பேச்சு. அதை எங்கே போய்ப் பேசினார் தெரியுமா? தினமும் கூலி லைனிலேயே! கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. அங்கே ஒருவனுக்கும் ஓட்டில்லை.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. என் டீக்கடையில் வைத்து அவருக்கு நன்றாகக் கொடுத்தேன்.

"பாய், தண்ணி இல்லாதவன்கிட்டதானே தண்ணியப் பத்திப் பேசணும்" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஓட்டெல்லாம் அடுத்த தெருவில், பர்மிய வீட்டுக்காரர்களிடம் இருந்தது. வழிப்போக்கருக்கு வாசலில் தண்ணீர்ப்பானை வைப்பது அவர்களுக்குப் புண்ணியம். ஆலை விட்டு வரும் நம் ஆள்கள் ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை. பொறுத்துப் பார்த்த டோ மியா என்ற வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் பானையைக் கவிழ்த்துவிட்டாள். தெருவே அப்படிச் செய்தது. கூலிகள் கொதித்தார்கள். குழந்தைவேலுவோ விடியற்காலையில் அவர்களையே கூட்டிப்போய், தூரத்துக் கிணற்றிலிருந்து சுமந்து எல்லாப் பானைகளையும் நிரப்பினார். குடித்தவன் நிரப்ப வேண்டும் என்பது அன்றுமுதல் அவர் ஆள்களுக்குச் சட்டம். அந்த வீடுகளில் ஓட்டு மட்டும் கேட்கவே இல்லை. அதற்கும் திட்டினேன்.

தேர்தலன்று டோ மியா தெருவையே திரட்டிக்கொண்டு வந்தாள். எதிர்த்து நின்ற ஆலை முதலாளி பிரியாணி போட்டும் மண்ணைக் கவ்வினார். கடைக்கு வரி கட்டுகிற என் ஓட்டும் மேஸ்திரிக்குத்தான், வேறு யாருக்குப் போடுவேன்?

சபையில் சும்மா விடுவார்களா? குழாயை முதலாளி தெருவுக்கு விட்டுக்கொடுத்தால் கமிட்டித் தலைவர் பதவி என்று ஆசை காட்டினார்கள். "நாற்காலியில உக்காந்து நான் தண்ணி குடிக்கவா என்னை அனுப்பினாங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார். மூன்று வருஷம் மல்லுக்கட்டிக் குழாயைக் கூலி லைனுக்கே கொண்டுவந்தார்.

திறந்துவைக்க மந்திரி காரில் வந்தார். குழந்தைவேலு முதல் குடத்தைப் பிடித்துத் தோளில் ஏற்றிப்போய் டோ மியாவின் பானையில் ஊற்றினார். அவள் சிரட்டையில் மொண்டு மந்திரிக்குக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும், நம் மேஸ்திரி காலிக் குடத்தை அவரிடம் நீட்டினார்.

"குடிச்சவங்க நிரப்பணுங்க."

மந்திரி கோட்டைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, குடத்தோடு குழாயடிக்கு நடந்தார்.