மேதாவி இறக்கிய ஷட்டர்

மேசை நாற்காலி விற்கும் கடையில் வாய்ச்சவடாலையே முதலாகப் போட்டுப் பிழைத்தவர் அவர். பிளைவுட்டைத் தேக்கு என்று நம்பவைத்த நாக்கு வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பல்வலிக்கும் மருந்து சொல்வார், பாலம் கட்டவும் யோசனை சொல்வார். தெருவில் அவருக்கு 'மேதாவி' என்று பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப்போகிற அளவுக்குத்தான் அவர் மேதாவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்துக்கு வந்த மைத்துனனுக்காக வீட்டின் பின்புறம் கேஸ் அடுப்பில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பையும் சிலிண்டரையும் கார் ஷெட்டுக்குள் தள்ளினார். சாரல் அடித்ததும் ஷட்டரை இறக்கப் போனார்.

"அது வெளியில வைக்கிற அடுப்புங்க. மூடின இடத்துல எரிக்கக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு," என்றாள் மனைவி.

"அதெல்லாம் ஒண்ணும் தெரியாதவங்களுக்குப் போட்டது. கேஸ் வாடை வருதா? வரலல்ல? அப்புறம் என்ன? நீ போய் வெங்காயத்த நறுக்கு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். இவர் ஷட்டரைத் தரைவரை இறக்கிவிட்டு, மைத்துனனோடு உள்ளேயே நின்றார்.

சற்று நேரத்தில் மைத்துனன் சுவரில் சாய்ந்தான். "மாமா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. குமட்டிக்கிட்டு வருது."

"நாலு எட்டு நடக்காத உடம்பு, வேற என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு இடுக்கியை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. கால் துவண்டு தடாலென்று விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி ஷட்டரைத் தூக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் சிலிண்டர் வால்வை மூடினாள். தள்ளாடிய தம்பியை வெளியே விரட்டிவிட்டு, புருஷனை அக்குளில் கைகொடுத்து மழைக்குள் இழுத்துப் போட்டாள். ஊரையே மடக்கிய வாய் சேற்றோரம் பிளந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். அவர் பேச்சில்லாமல் இருந்ததை மனைவி அன்றுதான் பார்த்தாள்.

"மூடின இடத்துல எரிஞ்சா விஷவாயு சேந்துரும். அதுக்கு நிறமும் இல்ல, வாடையும் இல்ல," என்றார் டாக்டர். "கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உயிரும் போயிருக்கும்."

முகமூடியைக் கழற்றியதும் மேதாவி வாய் திறந்தார். "மழை மட்டும் வரலேன்னா…"

"மழையா வந்து ஷட்டர இறக்குச்சு?" என்றாள் மனைவி. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அதற்கும் கூசவில்லை மனிதர். அடுத்த வாரமே, தான் சாவை ஜெயித்த வீரத்தைக் கட்டில் வாங்க வந்தவர்களிடம் அளந்துகொண்டிருந்தார். அடுப்பு மட்டும் திரும்ப அவர் கைக்கு வரவில்லை. இப்போது மனைவிதான் அதைத் திறந்த வெளியில் பற்றவைக்கிறாள். மழை வந்தால் அணைத்துவிட்டு, சமையலறையில் முட்டை பொரித்துப் போடுகிறாள். மேதாவி உட்கார்ந்து தின்றபடி, உப்பு பத்தவில்லை என்கிறார்.