வெள்ளனப் போனால் விடுவாங்கள்

போன கிழமை நான் வேலை செய்கிற அஜின்கோர்ட் கிளினிக்குக்கு ஒருவர் லட்டுப் பெட்டியோடு வந்தார். பல் கிளினிக்குக்கு லட்டு! வேறு யார்? சிவநேசன் அண்ணை. வாயில் சொந்தப் பல் குறைவு, சொந்த அபிப்பிராயம் அதிகம்.

"காஸாச் சண்டை முடிஞ்சுதாம். உந்தப் பிள்ளைக்குக் குடும், சந்தோசப்படட்டும்" என்றார்.

உந்தப் பிள்ளை என்றால் சமீரா. என்னோடு வேலை செய்கிற பாலஸ்தீனப் பெண். அவளுடைய அம்மா இருப்பது காஸாவில் அல்ல, மேற்குக் கரையில். புற்றுநோய். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே மதில், மதிலில் கேட், கேட்டில் துவக்கோடு ஆமி. போர் தொடங்கியபோது பூட்டிய கேட் இப்போதும் நினைத்தால்தான் திறக்கிறது. சிகிச்சை தவறிக்கொண்டே போகிறது. போர் முடிந்த செய்தியை அந்தக் கேட்டுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இதை அண்ணைக்கு விளக்கினேன். கவலைப்படுவார் என்று பார்த்தால்... முகம் மலர்ந்துவிட்டது!

"செக்பொயின்டோ? அது எனக்குத் தெரியாததே! காலமை வெள்ளனப் போகச் சொல்லும். முன்னுக்கு நிண்டால் விடுவாங்கள். டொக்டற்ர கடிதத் துண்டைக் கையில பிடிக்கோணும். ஆமியோட வாய்காட்டக்கூடாது. உதை அவளுக்கு இங்கிலீசில சொல்லும் தங்கச்சி."

சண்டைக்குத் தப்பி வெளிநாடு வந்த எங்கள் ஆட்களின் வியாதி இது. எந்தக் கலியாண வீட்டிலும் மேசைக்கு ஒருவர் இருப்பார் — தான் ஊரில் ஓமந்தை ஆமிச் செக்பொயின்டை எப்படிக் கடந்தேன் என்று சொல்ல. எந்த லைன் கெதியில் நகரும், எந்த ஆமிக்காரன் நல்லவன், எல்லாம் அத்துப்படி. அவமானப்பட்டது மறந்துபோச்சு. கெட்டித்தனமாக அவமானப்பட்டது மட்டும் நினைவிருக்கிறது. நோய் வந்த ஒருத்தியை மறிக்க அவன் யார்? அந்தக் கேள்வி மட்டும் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் மொழிபெயர்த்தேன். சமீரா கையுறையைக் கழற்றாமலே கேட்டாள். பிறகு சொன்னாள்: நேற்று அம்மா விடிய முன்னமே போனாளாம். வரிசையில் முதல் ஆள் அவள்தானாம். துண்டு கையில்தான் இருந்ததாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். கேட் திறக்கவே இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் படுத்தவள், இனிப் போகமாட்டேன் என்கிறாளாம்.

அண்ணையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம்.

"அப்ப நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளனப் போகச் சொல்லும்."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.