ரேடியோ காத்த ரகசியம்

குடும்பத்தில் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. சும்மா வைக்கவில்லை. மாமா மகனுக்குப் பெண் பார்க்கப் போகிற சேதி, பெண் வீட்டாருக்கே இவள் வாயால்தான் முதலில் தெரிந்தது. 'உன்கிட்ட மட்டும் சொல்றேன்' என்று அவள் ஆரம்பித்தால், மற்ற எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்று பொருள். மனதில் கள்ளம் கிடையாது. வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். கணினி இயங்குதளத்தில் திருடன் புகக்கூடிய ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது. வேலையில் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. குடைந்து குடைந்து விசாரிக்கிற குணம் வம்புக்கும் உதவும், இதற்கும் உதவும்.

ஒரு நாள் பெரிய ஓட்டையாகவே அகப்பட்டது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கணினியில் புதிதாக ஒரு பிரிண்டரைச் செருகினால், அதை நிறுவுவதற்குத் திரையில் ஒரு பெட்டி திறந்தது. அதிலிருந்த உதவிப் பொத்தானை அழுத்திப் போனால், கடவுச்சொல் கேட்காமலே உள்ளிருக்கும் கோப்பெல்லாம் கண்முன் வந்து நின்றது.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டையைக் கண்டவர் இயங்குதளத்தைச் செய்த நிறுவனத்திடம் மட்டும்தான் சொல்லலாம். அவர்கள் அதை அடைக்கும் திருத்தம் வெளியிடும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. முன்பே கசிந்தால் திருடனுக்கு வழி சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

அவளுடைய அக்கா பல் டாக்டர். கிளினிக்கில் இருப்பதும் அதே இயங்குதளம்தான். நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் அந்தக் கணினி, வருகிற போகிறவர் கைக்கு எட்டும்படி வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தது. உள்ளே தள்ளி வை என்றால் அக்கா ஏன் என்று கேட்பாள். கேட்டால் ரேடியோ பாடிவிடும். அதனால் வேலை முடிந்ததும் தினம் கிளினிக்குக்கு வந்து, அந்த மேசையை ஒட்டிய நாற்காலியில் காவல் இருந்தாள். கேட்டதற்குப் பல்வலி என்றாள். அக்கா எல்லாப் பல்லையும் தட்டிப் பார்த்தாள். ஒரு பல்லுக்கும் குறையில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று அவளுக்கும் தெரியும். ஒரு பேச்சு எடுத்தால் இதுவும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து, எந்தப் பேச்சையுமே எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூடச் சொல்லாமல் விட்டாள். அக்கா விடவில்லை. புருஷனோடு ஏதாவது தகராறா என்று துருவித் துருவிக் கேட்டாள். இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றாள்.

ஒரு வழியாகத் திருத்தம் வெளிவந்தது. அன்றே ஓடிவந்து, அதைக் கிளினிக் கணினியில் தன் கையாலேயே நிறுவினாள். அப்புறம் அக்காவின் அறைக்குப் போய் மடை திறந்த வெள்ளமாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

அக்கா சிரிக்கவில்லை. "இவ்வளவு நாளும் தெரிஞ்சுக்கிட்டே யார்கிட்டயும் சொல்லலையா?"

"வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலக்கா."

திட்டு விழும் என்று காத்திருந்தாள். அக்கா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். வலது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"கொஞ்ச நாளா இப்படித்தான். பல் பிடுங்குறதை எல்லாம் கூட இருக்கிற டாக்டர்கிட்ட விட்டுட்டேன். நாளைக்கு நரம்பு டாக்டரைப் பாக்கப் போறேன். அம்மாவுக்குக்கூட தெரியாது. நீ கூட வர்றியா?"

இதுவரை யாரும் அவளிடம் எதையும் நம்பிச் சொன்னதில்லை. எல்லாம் அவளே மோப்பம் பிடித்த சேதிகள்தான். இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். பயமாகவும் இருந்தது. அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் அம்மா போன் செய்தாள். அக்காவைப் பார்த்தாயா, என்ன விசேஷம் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ரேடியோ.