அடங்கிப்போன டேப்பெட் சத்தம்

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு கோம்பை ஊரில் இருக்கும் வீட்டில் நான் மட்டும்தான். ஒரு ஞாயிறு காலை, பைக் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே மூடியைக் கழற்றி, வால்வு இடைவெளியில் அளவு பார்க்கும் மெல்லிய கேஜ் தகட்டை விட்டுப் பார்த்து, ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்தேன். வண்டி ஓடும்போது மாதக்கணக்காகக் கேட்ட 'டக் டக்' டேப்பெட் சத்தம் அடங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரர் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். மாலையில் நான் வந்ததும், திரும்பாமலே "வந்துட்டீகளாண்ணே?" என்பார். என்னை விசாரிக்க இருந்த ஒரே குரல். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. என்ன கோபமோ என்று ஒரு வாரம் புழுங்கிவிட்டு நேரில் போய் நின்றேன்.

பதறி எழுந்தார். "எப்பண்ணே வந்தீக? ஒங்க வண்டிச் சத்தமே கேக்கல. மகன் வீட்டுக்குப் போயிட்டீகன்னுல்ல நெனச்சேன்!"

சரிசெய்த வால்வைக் கெடுக்க மனம் வரவில்லை. இப்போதெல்லாம் தெரு காலியாகக் கிடந்தாலும் ஹார்ன் அடித்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.