சத்தம் போடாத கூரை

எங்கள் வீட்டுக்கு ஓடு மாதிரியே அச்சு வைத்த பிளாஸ்டிக் ஷீட்டால் கூரை போட்டிருந்தோம். வெயிலில் காய்ந்து காய்ந்து இப்போது அப்பளமாக நொறுங்குகிறது.

மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்க இன்று அருப்புக்கோட்டைக்குப் போனேன். குவைத்தில் இருக்கும் என் கணவரும் வீடியோ காலில் கூடவே வந்தார்.

கடைக்காரர் இரண்டு ஷீட் காட்டினார். ஒன்று வெறும் தகரம். இன்னொன்று உள்ளே பஞ்சு மாதிரி வைத்த கூலிங் ஷீட். அதன் விலை இரண்டு மடங்குக்கு மேல்.

"செலவைப் பாக்காத புள்ள. நீ வெக்கையில கெடந்து வேகாம இருந்தாப் போதும்" என்றார் இவர்.

எனக்கு அங்கேயே உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைக்காரருக்கும் குஷி. போனைப் பார்த்து, "இதைப் போட்டா மழை பேஞ்சாக்கூடச் சத்தம் கேக்காதுண்ணே" என்றார்.

போனில் இவர் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்ப அது வேணாம்ணே" என்றார் இவர். "மழை பேஞ்சா இவ போனைக் கூரைக்குப் பக்கத்துல தூக்கிப் பிடிப்பா. அதைக் கேட்டுக்கிட்டேதான் நான் இங்க படுத்திருப்பேன்."

கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் வீட்டுக்குக் கூலிங் ஷீட், அடுப்படிக்கு மட்டும் தகரம் என்று முடிவானது.

எங்கள் திருச்சுழிப் பக்கம் மழை பெய்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். அந்த நாலு தூறலை அவர் கேட்பதற்காக, வருஷம் பூராவும் அடுப்படியில் வேகப்போவது நான்.

உங்கள் ஊரில் மேகம் எதுவும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். தகரத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.