இரண்டு தலைக் கட்டில்

கொல்லிமலைக் குண்டூர் நாட்டுச் சென்றாயனுக்கு இரண்டு தோளிலும் காய்ப்பு உண்டு. சாமையும் மிளகும் விளைய அவனுக்கும் துண்டு நிலம் இருந்தது. ஆனாலும் வருஷத்தில் பாதி நாள் சுமை தூக்கித்தான் கஞ்சி குடித்தான். மலைக்கு அப்போது ரோடு ஏது? காப்பித் தோட்டத்துத் துரை பங்களாவின் இரும்பு அடுப்பு, கண்ணாடி அலமாரி எல்லாமே அடிவாரத்திலிருந்து மனுஷன் தோளில்தான் ஏறின. சென்றாயன் தோள் படாத சாமான் அந்தப் பங்களாவில் அநேகமாக இல்லை.

முப்பத்து நாலாம் வருஷம் அந்தக் கட்டிலை ஏற்றினார்கள். சுமக்கிறவனுக்குச் சாமானின் மோஸ்தர் எதற்கு என்பீர்கள். நாள் முழுக்க அவன் கண்ணுக்கு முன்னால் அதுதானே ஆடிக்கொண்டு வருகிறது! நாலு காலும் ஈட்டி போல நேராக இறங்கி, கீழே போகப் போக ஒல்லியாகி, உடம்பெல்லாம் வரிவரியாகப் பள்ளம் இழைத்து நின்றன. சட்டத்தின் நடுவில் ஒரு ஜாடி, அதற்கு இரண்டு பக்கமும் தொங்குகிற மாலை. வளைவு நெளிவு என்று வீண் ஆடம்பரம் கிடையாது. இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே. இரண்டு முனையிலும் ஒரே உயரத்துக்குச் சாய்மானம் எழும்பி நின்றது.

கட்டிலோடு கூட வந்த பங்களா பட்லர் மாணிக்கம் கீழ்நாட்டுக்காரன். தனக்குத் தெரியாதது இல்லை என்கிற ஆள். "ரோமாபுரிப் பக்கம் மண்ணுக்குள்ள பொதைஞ்ச ஊருங்களைத் தோண்டிப் பாத்து, அந்தக் காலத்து மாதிரியே செஞ்சதுடா இது. நூத்தி முப்பது வருஷத்துச் சாமான். ராத்திரி தூங்க இல்ல, பகல்ல சாஞ்சு பொஸ்தகம் படிக்க" என்றான்.

"இதுல தலைமாடு எதுங்க?" என்று கேட்டான் சென்றாயன்.

"ரெண்டும் தலைமாடுதான்."

"அட போங்க! இதுல படுத்தா எந்தப் பக்கம் புடிச்சு இழுக்கறதுன்னு எமனே முழிப்பானுங்க" என்றான் கூடச் சுமந்த செங்கோடன். சுமந்த எட்டுப் பேரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மூன்று வருஷம் போயிற்று. ஐப்பசி மழையில் சென்றாயன் பெண்சாதி பெருமாயிக்குக் காய்ச்சல் கண்டது. பெற்ற இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்ட பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்றுதான் இருந்தார்கள். ஐந்தாம் நாள் அவளுக்கு மூச்சு இரைத்தது. தோட்டத்துக் கம்பவுண்டர் வந்து முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. பொழுது சாயறதுக்குள்ள கீழ ஆஸ்பத்திரியில சேர்த்தா பொழைப்பா. ஆனா தலை ஒசரத்துலயே இருக்கணும் சென்றாயா. தாழ்ந்துதுன்னா மூச்சு அடைச்சிரும்."

மலையில் நோயாளியைத் தூளியில்தான் கொண்டுபோவார்கள். தூளியில் உடம்பு சுருண்டுவிடும். இருக்கிற மூச்சும் நின்றுவிடும். என்ன செய்வதென்று அவன் பங்களா வாசலில் போய் நின்றபோது, துரைசாணி தன் கட்டிலையே காட்டி எடுத்துப்போகச் சொன்னாள். வெள்ளைக்காரியாக இருந்தால் என்ன, அன்றைக்கு அவள்தான் மனுஷி.

கட்டிலின் அடியில் இரண்டு மூங்கிலைக் கட்டினார்கள். பெருமாயியை ஒரு சாய்மானத்தில் திண்டு வைத்துச் சாய்த்து, மழைக்குப் படுதா போர்த்தினார்கள். சென்றாயனும் பெருமாயியின் தம்பி காளியண்ணனும் தலைப்பக்கம். செங்கோடனும் குப்புசாமியும் கால்பக்கம். தலை முன்னால் போக, சமதளத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பெருமாயி கண்ணைத் திறந்து, "ஏனுங்க, நனையறீங்களே" என்றுகூடச் சொன்னாள்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் சென்றாயன் நின்றான். "கட்டிலைத் திருப்புங்கடா. கால் முன்னால போனாத்தான் தலை மேல நிக்கும்."

யாரும் அசையவில்லை. அவர்கள் ஊரில் கால் முன்னால் போவது பிணம் மட்டும்தான். உயிரோடு அப்படிப் போனவர் திரும்பி வரமாட்டார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"வேண்டாமுங்க மாமா" என்றான் காளியண்ணன். "எங்கக்காளைப் பொணமாட்டத் தூக்கமாட்டேனுங்க."

"கம்பவுண்டர் சொன்னாரில்லடா! இந்தக் கட்டிலுக்குத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணாச்சே, எது முன்னால போனா என்ன?"

"கட்டிலுக்கு ஒண்ணும் இல்லீங்க. எங்கக்காளுக்குத் தலை ஒண்ணுதானுங்களே."

செங்கோடன் மூங்கிலைத் தோளிலிருந்து இறக்கிவிட்டான். குப்புசாமி வேறு பக்கம் பார்த்தான். மூன்று பேரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், அதுதான் கொடுமை. சென்றாயன் கத்தியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம். அவனும் உள்ளூர நடுங்கினான் என்பதுதான் உண்மை. கால் முன்னால் போய் அவள் செத்துவிட்டால் தானே கொன்றதாகிவிடுமே என்று பயந்தான். "எட்டுக்கை ஆத்தா, நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, தலைப்பக்கத்து மூங்கிலையே மறுபடி தோளில் ஏற்றினான்.

செங்குத்தான இறக்கம். திண்டு இருந்து என்ன பிரயோஜனம்? தலை கீழாகவும் கால் மேலாகவும் அவள் சரிந்து வந்தாள். பின்னாலிருந்து அவள் இரைப்பு அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

"ஆச்சு கண்ணு, இன்னும் செத்த நேரந்தான்" என்றான் அவன், திரும்பிப் பார்க்க முடியாமல்.

பாதி மலை தாண்டியபோது இரைப்பு நின்றது. தூங்குகிறாள் என்று காளியண்ணன் சொன்னான். சென்றாயன் வேகத்தைக் குறைக்கவில்லை. அடிவாரத்தில், ஆஸ்பத்திரிக்குப் போக அமர்த்திய வண்டிக்காரன் படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டு, மாட்டை நுகத்தில் பூட்டாமலே நின்றான்.

காளியண்ணன் மண்ணில் விழுந்து அலறினான். மழை விட்டதும் ஊருக்குத் திரும்பக் கட்டிலைத் தூக்க வந்தார்கள். இனி முறைப்படி கால் முன்னால் போகவேண்டும் என்று செங்கோடனும் குப்புசாமியும் கட்டிலைத் திருப்பி வைத்தார்கள். ஏற்றத்தில் அப்படிப் போனால் அவள் தலை மறுபடி கீழே தொங்கும்.

"தலை முன்னால போகட்டும்" என்றான் சென்றாயன்.

"செத்தவங்களை அப்படி..." என்று இழுத்தான் குப்புசாமி.

"திருப்புடா!"

திருப்பினார்கள். உயிரோடு இருப்பவளைப் போலத் தலை முன்னால், மேல்பக்கமாக அவளை மலைக்கு ஏற்றினார்கள். வழியில் பாதை கொஞ்சம் இறங்கிய இடங்களிலெல்லாம், "பின்னால தாழ்த்துங்கடா, தலை ஒசரட்டும்!" என்று சென்றாயன் கத்தினான். பின்னால் வந்த இரண்டு பேரும் முழங்காலை மடக்கித் தாழ்த்திக் கொடுத்தார்கள்.